நாயின் கழுத்தில் நுகத்தடி எதற்கு?

கோடை வந்தால் தமிழகத்தின் உச்ச வெயில் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் வந்துவிடும். நாயைப் பாரம் இழுக்கப் பழக்க நினைக்கும் திருத்தணிக்காரர் நாயின் இனத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நாய்கள் பாரம் இழுக்கும் போட்டி நம் ஊர் வழக்கமல்ல; அலாஸ்கா, கனடா பக்கத்துப் பனிவண்டி மரபில் வந்தது. இதற்கென அமெரிக்காவில் 1984இல் ஒரு சர்வதேசச் சங்கமே தொடங்கப்பட்டது. அதன் போட்டியில் நாய் 60 நொடிக்குள் 16 அடி தூரம் வண்டியை நகர்த்த வேண்டும். கூட வந்தவர் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று அழைக்கலாம், தொடக் கூடாது.

எல்லை தாண்டினால் ஆந்திராவில் எருதுகள் கல் இழுக்கும் போட்டி பிரபலம். ‘அதே மாதிரிதானே, கழுத்தில் கட்டிவிட்டால் போச்சு’ என்ற நினைப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எருதுக்கு நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்காரும். நாய்க்கோ கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாய் இருக்கிறது. கழுத்துப் பட்டையில் பாரம் கட்டினால் அதுதான் நசுங்கும். போட்டி நாய்களுக்கு மெத்தை வைத்த மார்புப் பட்டை உண்டு. அதன் வார்கள் விலாவோரமாகப் பின்னால் போய், பின்னங்காலுக்கு அப்பால் ஒரு குறுக்குக் கட்டையில் சேரும். கனத்த சங்கிலியைக் கழுத்தில் தொங்கவிட்டால் வலு ஏறும் என்பதும் வெறும் வீறாப்புதான்.

‘ஆயிரம் கிலோ இழுத்த நாய்’ என்று கேட்டு மலைக்க வேண்டாம். சக்கரத்தில், அதுவும் தண்டவாளத்தில் உருளும் எடையை நகர்த்த, அதில் சிறு பங்கு விசையே போதும். பழக்கத் தொடங்க, வாடகை வீட்டில் இருப்பவருக்கும் வண்டி வேண்டாம், மைதானமும் வேண்டாம். முதலில் வெறும் பட்டையோடு நடை. பிறகு மண் தரையில் பழைய பைக் டயர் ஒன்று. அது உராயும் சத்தத்துக்கு நாய் பழகிய பின்பே எடை கூட்டலாம்.

வெளிநாட்டு நாய்தான் வேண்டுமா? அந்தப் போட்டிகளிலேயே கலப்பின நாய்களும் கலந்துகொள்கின்றன. ஆனால் நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கு வளர்க்கப்பட்டவை; அவற்றிடம் பாரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. குட்டியிலேயே பழக்குவதும் தவறு. எலும்பு முனைகளின் வளர்ச்சி முடிய ஒரு வயதாகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும்.

மிக ஆபத்தான நம்பிக்கை, ‘வெயிலில் பழக்கினால் வெயில் தாங்கும்’ என்பது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டுமே. உடல் சூட்டைத் தணிக்க அது மூச்சிரைக்கத்தான் வேண்டும். அதன் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான இனங்கள் இன்னும் சீக்கிரம் சுருண்டுவிடும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் அன்று பயிற்சி கிடையாது. தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர், ஞாயிறன்று சேர்த்துவைத்து இழுக்கவிடுகிறார். அதில் தசை வலுப்பதில்லை, பிடித்துக்கொள்கிறது. விடியும் முன் இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வயிறு நிறையத் தின்றதும் இழுக்கவிடக் கூடாது. முடியாத வாரத்தில் விட்டுவிடுங்கள்; விட்ட இடத்திலிருந்து அல்ல, குறைந்த எடையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

சொந்த நாய்தானே என்று அடிப்பதும் அளவுக்கு மீறிப் பாரமேற்றுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.