கடலுக்குப் போகும் டூல் பாக்ஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டின் மரை போய்விட்டால் யாரும் கவலைப்படுவதில்லை. தெருமுனை ஹார்டுவேர்ஸ் கடையில் வேறொன்று கிடைக்கும். ஸ்பேனர் இல்லையென்றால் பக்கத்து ஷெட்டில் இரவல். 1964இல் பேட்டை தொடங்கியதிலிருந்தே இங்கே தொழில் பழகியவர்களுக்கு இந்தச் சொகுசு உண்டு. நடுக்கடலில் அது கிடையாது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் வயது நூறைத் தாண்டிவிட்டது, 1911இல் தொடங்கியது. அப்படியொரு இடத்தில் பாய் பிடிக்கப் பழகிவிட்டு, அடுத்து நாள்கணக்கில் கடலில் கிடக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டறைக்காரன் சொல்வது இவை.

1. செட்டாக விற்கும் டூல் பாக்ஸை வாங்காதே. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படகை அணியத்திலிருந்து கடைசிவரை சுற்றி வா. எந்த நட்டு என்ன சைஸ், எந்தத் திருகுக்கு எந்தத் தலை என்று எழுது. வெளிநாட்டுப் பழைய படகென்றால் பாதி அங்குலக் கணக்கு, பாதி மில்லிமீட்டராக இருக்கும். ஒவ்வொரு சைஸிலும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஆத்திர அவசரத்துக்கு மட்டும்.

2. வெட்டுகிற கருவிக்குத்தான் முதலிடம். பாய்மரம் முறிந்து விழுந்தால் கம்பிகளில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் படகின் விலாவை இடிக்கும். ஓட்டை போடுவதற்குள் அறுத்துவிட வேண்டும். 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் கமாண்டர் அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு கவிழ்ந்து, பாய்மரம் போய், அவருக்கு முதுகெலும்பும் அடிபட்டது. பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் வந்து மீட்டது.

கனமான எஃகுக் கம்பியைச் சின்ன போல்ட் கட்டர் நசுக்கும், வெட்டாது. ஹைட்ராலிக் கட்டருக்குக் காசில்லையா? நல்ல ஹாக்சாவும், ஒரு டஜன் பைமெட்டல் பிளேடும், சுத்தியலும், பின் தட்டும் பஞ்ச் கம்பியும் எடுத்துக்கொள். கம்பியை அறுப்பதைவிட அதைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுப்பதே பல சமயம் சுலபம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்பிளிட் பின்னின் கால்களை லாரி பட்டறையில் செய்வதுபோல முழுக்க மடக்கிவிடாதே. லேசாக விரித்து மேலே டேப் சுற்று. இருட்டிலும் பிளையரால் இழுத்துவிடலாம். இவை எல்லாம் வாசற்படி ஓரம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்டிக்கு அடியில் வேண்டாம்.

3. படகின் உடம்பில் எங்கெல்லாம் வால்வு இருக்கிறதோ, அங்கெல்லாம் அதன் அளவுக்கு ஒரு மென்மரக் கூம்பு ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. நனைந்தால் மரம் ஊதி ஓட்டையை இறுக்கும். கூடவே தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி பட்டியும் வை. மும்பையில் தேக்கில் கட்டிய ‘சுஹைலி’யில் 1968இல் தனியே உலகம் சுற்றப் புறப்பட்டார் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். நடுவழியில் அடிப்பலகை இணைப்பு ஒழுகியது. நடுக்கடலில் குதித்து, மூச்சடக்கி, கான்வாஸ் பட்டையைச் செப்பாணியால் அடித்து அடைத்தார். சுத்தியலும் செப்பாணியும் கையிருப்பில் இருந்ததால் முடிந்தது.

4. துரு. ஸ்டெயின்லெஸ் என்றதும் ஏமாறாதே. போல்ட், ஷாக்கிள் எல்லாம் 316 தரம் வேண்டும். அதில் கலந்த மாலிப்டினம் உப்பை ஓரளவு தாங்கும், 304 சீக்கிரம் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆனால் ஸ்பேனருக்கு குரோம் வனேடியமே போதும், எண்ணெய்த் துணியில் சுற்றி வை. இரும்புப் பெட்டி கூடவே கூடாது. துருப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம்; திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள்ளையே இழுத்துவிடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா போதும். கடல்நீர் பட்ட கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவியபிறகே உள்ளே வை.

5. சுக்கான் சக்கரம் போனால் நேராகத் தண்டில் மாட்டும் அவசரக் கைப்பிடி இருக்கும். அதைத் துறைமுகத்திலேயே ஒருமுறை மாட்டிப் பார். கடற்படைப் பெண்கள் ஆறு பேர் உலகைச் சுற்றிய ‘தாரிணி’யே 2018இல் ஸ்டீயரிங் கோளாறால் மொரீஷியஸில் ஒதுங்க வேண்டியிருந்தது.

6. மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், வெள்ளீயம் பூசிய ஒயர். முறுக்கி டேப் சுற்றுகிற வீட்டு வேலை உப்புக்காற்றில் நிற்காது.

7. இன்ஜினுக்கு டீசல் பில்டர், பெல்ட், தண்ணீர் பம்பின் இம்பெல்லர், எல்லாம் இரண்டிரண்டு. ஏர்லாக் எடுக்க எந்த ஸ்க்ரூவை எந்த ஸ்பேனரால் தளர்த்துவது என்பதைப் பழகிக்கொள். இடைவெளி அளக்கும் பீலர் கேஜை மறந்துவிட்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன் புத்தகத் தாள்களை எண்ணி, ஒரு தாளின் கனத்தைக் கணக்கிட்டு, அதையே கேஜாக வைத்து இடைவெளி சரிசெய்தார். டூல் ரூம் ஆள் கேட்டால் சலாம் போடுவான். நீ கேஜையே எடுத்துப் போ, விலை கம்மிதான்.

8. பாய்க்கு முக்கோண ஊசி, மெழுகு நூல், ஊசியைத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தோல்.

9. ஒவ்வொரு கருவிக்கும் மணிக்கட்டில் மாட்டும் கயிறு கட்டு. பாய்மரத்தில் ஏறியவன் கையிலிருந்து நழுவும் ஸ்பேனர் கடலில் விழுந்தால் ஸ்பேனர் மட்டும்தான் போகும். கீழே நிற்பவன் தலையில் விழுந்தால்?