கட்டாருக்குப் போகுமுன் ரொட்டி சுடப் பழகுங்கள்

பசறை, ஹாலி-எல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போகிற பையன்களைப் பாருங்கள். கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, ஏஜென்சிக்குக் கட்ட வேண்டிய காசு என்று எல்லாவற்றுக்கும் ஓடுவார்கள். அரிசி களையத் தெரியாமலே விமானம் ஏறிவிடுவார்கள். லயத்துக் காம்பராவில் அடுப்பு அம்மாவுடையது, அக்காவுடையது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுவிட்டு மலைக்குப் போவதும், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு மூட்டுவதும் அவர்கள்தான்.

டோஹாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நான் சமைக்கக் கற்றேன். அங்கே எனக்குப் புரிந்தது இதுதான்: நம் வீட்டுச் சமையல் நம் மலையின் குளிரையும் விறகையும் நம்பி உருவானது. ஊர் மாறும்போது செய்முறை மட்டும் போதாது; ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதும் தெரிய வேண்டும்.

சோறு: கடிகாரத்தை நம்பாதீர்கள்

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். அதனால் அங்கே 95 பாகை செல்சியஸ் அளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும். டோஹா கடலோர நகரம்; அங்கே 100 பாகை. வீட்டில் அம்மா வைக்கும் நேரக் கணக்கிலேயே வைத்தால் சோறு குழைந்துவிடும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், அதுதான் சரியான கணக்கு.

கேரளக்காரர் கடைகளில் மட்டை அரிசி கிடைக்கும். நம் சிவப்பரிசிச் சோற்றுக்கு ஏங்குகிறவர்களுக்கு அது நல்ல ஆறுதல். அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் போதும்.

ரொட்டியும் சம்பலும்

இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய். தேங்காய் இல்லாவிட்டால் உலர்ந்த துருவலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்கலாம். குழைத்த மாவை அரை மணி நேரம் மூடி வையுங்கள். அப்போதுதான் தட்டும்போது சுருங்காது.

வீட்டில் மிலாறு விறகு எரிந்து அடங்கி, தணல் நிற்கும்போதுதான் அம்மா ரொட்டியைப் போடுவார். தணலின் சூடு சீராக உள்ளே இறங்கும். கேஸ் அடுப்பில் தீயைக் கூட்டினால் மேலே கருகும், உள்ளே மாவு வேகாது. கனமான சட்டி, சிறு தீ, மேலே ஒரு மூடி: இந்த மூன்றும் இருந்தால் தணலின் வேலை நடந்துவிடும்.

சம்பலுக்கு அம்மி கிடைக்காது. மிக்ஸியில் காய்ந்த மிளகாயையும் உப்பையும் முதலில் பொடித்துவிட்டு, வெங்காயத்தைப் போட்டு ஒரு சுற்று மட்டும் விடுங்கள். தேசிக்காய்ப் புளி கடைசியில்.

பருப்பு

ஒரு கப் மைசூர்ப் பருப்புக்கு மூன்று கப் தண்ணீர், மஞ்சள், வெங்காயம், பச்சை மிளகாய். பருப்பு மலர்ந்த பிறகு உப்பு. தேங்காய்ப்பால் மாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அம்மா தொலைபேசியில் சொன்னது இது: “பால ஊத்துனா கரண்டிய விடாத தம்பி, ஒரு கொதி வந்ததும் எறக்கிரு.” அதிகம் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். புளி சேர்ப்பதும் இறக்கிய பிறகுதான்.

மதியச் சாப்பாடு

இதில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நம் மலைக் குளிரில் இராத்திரிக் கறியை விடியும்வரை வெளியே வைத்துப் பழகிவிட்டோம். வளைகுடாக் கோடையில் அது தாங்காது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்; சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. அதனால் வேலை விடியுமுன்னே தொடங்கும். சமையல் முதல் நாள் இரவுக்குப் போய்விடும். சமைத்ததை ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சூடு காக்கும் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். அந்த வசதி இல்லையென்றால் தேங்காய்ப்பால் கறியைத் தவிருங்கள். தேங்காய்ப்பூ போடாத ரொட்டியும் புளி தூக்கலான சம்பலும் போதும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

வறுத்து அரைத்த கறித்தூள், உலர்ந்த ரம்பை, கொஞ்சம் மாசி, நல்ல தேயிலை. மற்றவை அங்கேயே கிடைக்கும். கசகசாவை மட்டும் வைக்கவே வேண்டாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அது தடைசெய்யப்பட்ட பொருள்; தெரியாமல் கொண்டுபோனாலும் சிக்கல்தான். வேறு வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்களும் தவிர்ப்பது நல்லது.

கூட்டுச் சமையல்

மலையாளி, நேபாளி என்று பலர் சேர்ந்திருக்கும் அறையில் முறை வைத்துச் சமைத்தால் செலவும் குறையும், களைப்பும் குறையும். கருவாடு பொரிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உடம்பு முடியாத நாளில் கடையில் விற்கும் குப்பூஸ் ரொட்டியும் வீட்டுச் சம்பலும் போதும். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். ஊருக்கு அனுப்பும் பணம் உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது.

வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தரும் பயிற்சியில் சமையலும் இருக்கிறது. தனக்காகச் சமைத்துக்கொள்ளப் பையனுக்குச் சொல்லித்தர வேண்டியது நம் வீடுதான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை அவன் வீட்டில்தானே இருக்கிறான்? அம்மாமாரே, அந்த மாதங்களில் வாரத்தில் ஒரு நாளாவது அடுப்பை அவனிடம் கொடுங்கள். அவன் வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும், மலையிலிருந்து களைத்து வரும் உங்களுக்கு அன்றைக்காவது சுடுசோறு கிடைக்கும்.