காய்ச்சலோடு வேலைக்குப் போகாதே

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும், பிடித்தம் என்று போட்டிருக்கும் இடத்தை நிதானமாகப் பார். அங்கே இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள். உன் பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். வீண் பிடித்தம் என்று அலுத்துக்கொள்வோர் திருப்பூரில் நிறைய உண்டு. ஆஸ்பத்திரியோடு முடிகிற விஷயம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை, உன் பேங்க் கணக்குக்கே வரும். நாள் கூலி 500 என்றால் 350.

அந்த 350-இன் அருமை கொரோனாவில்தான் தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்து கம்பெனிகள் திறந்தபோது, கேட்டில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். பாராசிட்டமால் விழுங்கி, உடம்புச் சூடு இறங்கியதும் வரிசைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் வாடகையும் குழுக் கடன் தவணையும் கட்ட முடியும். படுத்தால் கூலி கிடையாது என்கிற இடத்தில் நோயை மறைக்கத்தான் செய்வார்கள். ஒருவர் மறைத்தால் பக்கத்து மேசைக்காரருக்கும் ஒட்டும். லைன் நின்றால் எல்லோர் வேலைக்கும் ஆபத்து.

ஊரடங்கு நாட்களுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மத்திய அரசு 2020 மார்ச் 29-இல் உத்தரவு போட்டது. மே மாதம் பாதியிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. கொரோனாவில் படுத்தவர்களும் அந்த 70 சதவீதத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. வேலை போனவர்களுக்கான உதவித்தொகையும் கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்ந்தது, 90 நாள் வரை. இவையெல்லாம் இ.எஸ்.ஐ. நம்பரும் சந்தாக் கணக்கும் இருந்தவர்களுக்கு மட்டுமே. பத்துப் பேர்கூட இல்லாத பவர் டேபிள் என்னும் சிறு தையல் கூடங்களில் தைத்தவர்களுக்கும், கான்ட்ராக்டில் பெயர் பதியாமல் ஓடியவர்களுக்கும் எதுவும் வரவில்லை. அதே துணி, அதே தையல்தான். இந்த அநியாயம் இன்னும் தீர்க்கப்படவில்லை.

ஆகையால் சொல்கிறேன். உன் இ.எஸ்.ஐ. நம்பரை எழுதி வைத்துக்கொள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் கணக்குக்கான நோய்ப் பணத்தை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கேட்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கு. தேதி தள்ளினால் பணமும் தள்ளும்.

“பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கையில் தருகிறேன்” என்று எந்தக் கான்ட்ராக்டர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. அவர் மிச்சம் பிடிப்பது உன் 113 ரூபாயை அல்ல, உனக்காகக் கட்ட வேண்டிய 488 ரூபாயை. கான்ட்ராக்ட் ஆளுக்கும் சந்தா போய்ச் சேர்வது கம்பெனியின் பொறுப்பு என்றுதான் இ.எஸ்.ஐ. சட்டம் வைத்தது. உன் பக்கத்தில் துணி மடிக்கும் ஒடிசா பெண்ணுக்கு நம்பர் இருக்கிறதா என்றும் விசாரி. இல்லையென்றால் அவளுக்காகவும் நீ வாய் திறக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் வீட்டில் இரு. நோய்ப் பணம் உன் உரிமை. தயங்காமல் கேட்டு வாங்கு.

அன்புடன்,
மாமா