மொய் நோட்டை எடுங்கள்... வம்ச மரம் வரையுங்கள்!

"எங்க பரம்பரையிலேயே இப்படி ஒரு நோய் கிடையாதே டாக்டர்! இவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்றோ, மாலைக்கண்ணாக ஆரம்பித்தது பார்வையையே விழுங்கிக்கொண்டு வருகிறது என்றோ தெரியும்போது, பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சரி, பரம்பரை என்கிறோமே, அது நமக்கு எவ்வளவு தெரியும்? உங்கள் அம்மாச்சியுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் தங்கினார்கள்? பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஒன்பது பேர் விழிப்பார்கள்.

இந்த விஷயத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இன்றும் குதிரை வண்டியில் போய் வரும் ஒரு கூட்டத்தாரைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. மென்னோனைட்டுகள் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஹாலந்துப் பகுதியில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் வழி வந்த கிறிஸ்தவர்கள். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், ஆயுதம் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்ததால், ஐரோப்பாவில் இவர்களுக்குக் கிடைத்தது சிறையும் சித்திரவதையும்தான். 1683 முதல் சிறுசிறு குழுக்களாகக் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். ஊர் ஊராக ஓடிய ஜனங்கள் என்பதாலோ என்னவோ, யார் யாருக்குப் பிறந்தார், எப்போது இறந்தார் என்று குடும்ப பைபிளின் ஏடுகளில் எழுதி வைக்கும் பழக்கம் இவர்களிடம் வேரூன்றிவிட்டது.

அந்த ஏடுகள் பிற்பாடு உயிர் காத்தன!

இவர்களில் பழைய வழக்கத்தை விடாத பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும் குழந்தை, பால் குடிக்க மறுக்கும், துவண்டு போகும், வலிப்பு வரும். சிறுநீரில் பாகு காய்ச்சியது போல இனிப்பு வாசனை அடிக்கும். புரதத்தில் உள்ள மூன்று அமினோ அமிலங்களை உடம்பால் செரித்துக் கழிக்க முடியாமல், அவை மூளையைத் தாக்குவதுதான் காரணம். உலக அளவில் சுமார் 1,85,000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்லப்படும் நோய் இது. இந்த மென்னோனைட்டுகளிடையே சுமார் 380 பிறப்புக்கு ஒன்று!

1989இல் டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் அங்கே ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். எந்தெந்தக் குடும்பத்துக்கு ஆபத்து என்று தெரிந்ததால், பிறந்தவுடனே ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்த அமிலங்கள் நீக்கிய விசேஷப் பாலைப் புகட்டிவிட முடிந்தது. வலிப்பு வரும்வரை காத்திருந்தால் வந்த பாதிப்பு வந்ததுதான்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் அவர்களிடையே வழக்கமே இல்லை. பின் ஏன் நோய்? ஆரம்பத்தில் வந்த குடும்பங்கள் சில, வெளியில் சம்பந்தம் வைத்துக்கொள்வதும் இல்லை. ஆக, பல தலைமுறை தள்ளிப் பார்த்தால் எல்லாரும் சொந்தம்! "நாங்க சொந்தத்துல கட்டலை, நம்ம ஆளுங்கள்ல அசல்ல தான் எடுத்தோம்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தென்னிந்திய வைசிய வகுப்பாரில் சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து, சில நிமிடங்களில் தெளிவதற்குப் பதில் மணிக்கணக்கில் நீடித்துவிடும். அந்த மருந்தை முறிக்கும் என்ஸைம் பரம்பரையாகவே குறைவு. வீட்டில் ஒருவருக்கு இப்படி ஆகியிருந்தால், மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாலே போதும், அவர் வேறு மருந்து கொடுத்துக்கொள்வார்.

மதுரைக்கு வருவோம்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள். இந்திய அளவில் அது 11 சதவீதம்தான்.

நம் பக்கத்தில் கணக்கு மிகக் கறாரானது. குலசாமி ஒன்று என்றால் பங்காளி, பெண் எடுக்கக் கூடாது. மாமன் மச்சான் வகை என்றால் எடுக்கலாம், சில வீடுகளில் எடுத்தே ஆக வேண்டும்! ஆனால் மரபணுவுக்கு இந்த முறை தெரியாது. சித்தப்பா மகளோடு எட்டில் ஒரு பங்கு மரபணு பொது என்றால், மாமன் மகளோடும் அதே எட்டில் ஒரு பங்கு. அக்கா மகளைக் கட்டினாலோ நாலில் ஒரு பங்கு!

நம் எல்லாரிடமும் கெட்டுப்போன மரபணு சில, சத்தமில்லாமல் படுத்திருக்கும். ஜோடியில் ஒன்று கெட்டாலும் மற்றது வேலை பார்த்துவிடும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணு கெட்டிருந்தால்தான் வம்பு. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. "மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி வராது" என்று ஆறுதல் சொல்வார்கள். தப்பு! ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

பயமுறுத்தவும் வேண்டாம். பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் கோளாறு இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் தம்பதிக்கு இது இன்னும் 2, 3 கூடும். மிச்சப் பேர் சுகமே. தாய்மாமன் திருமணத்தில் ஆபத்து இதைவிட அதிகம். அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

எப்படி வரைவது?

நீள நோட்டில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நோய் உள்ளவருக்குக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. குறைந்தது மூன்று தலைமுறை.

பெயர்களுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பீரோவில் இருக்கிறதே, கல்யாணத்து மொய் நோட்டு! உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் அதைச் சொத்துப் பத்திரம் போலக் காப்பாற்றுகிறார்கள். ஊர் பெயரோடு, தாய் வழி, பெண் கொடுத்த வழி எல்லாம் அதில் வந்துவிடும். குலசாமி கும்பிடும்போது கூடுவது அப்பா வழிதான். நோயோ எந்தக் கிளையிலும் இறங்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834லேயே வந்துவிட்டது.

மாசி சிவராத்திரிக்கு எல்லாரும் கூடும்போது அப்பத்தா பக்கத்தில் உட்காருங்கள். "பரம்பரை நோய் உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லப்பா" என்றுதான் வரும். "எத்தனை பிள்ளை பெத்தீங்க, எத்தனை தங்குச்சு? பேச்சு வராத பிள்ளை யாரு? ராத்திரியில தடுமாறினது யாரு? சின்ன வயசுலயே நெஞ்சு வலியில போனது யாரு?" என்று கேளுங்கள். கதை கதையாக வரும்.

"இதையெல்லாம் எழுதி வச்சா பொண்ணுக்குச் சம்பந்தம் வருமா?" நியாயமான பயம்தான். நோட்டு வீட்டுக்குள் இருக்கட்டும், தரகரிடம் கொடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு வீட்டாரும் நிச்சயத்துக்கு முன் டாக்டரிடம் காட்டுவது நல்லது. மருமகள் மேல் பழி போட இதைத் தூக்காதீர்கள். இப்படிப்பட்ட நோய்க்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதி.

கல்யாணம் ஆகிவிட்டதா? கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லி மகப்பேறு டாக்டரைக் கேளுங்கள். கண் நோய் என்றால் 1976இல் டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையில் மரபணு ஆராய்ச்சியும் நடக்கிறது. குழந்தை பிறந்ததும் குதிகாலில் ரத்தப் பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வைக்கும் அதே ஃபைலில் வம்ச மரத்தின் ஒரு ஜெராக்ஸையும் சொருகி வையுங்கள்.