செய்முறைக் குறிப்பேடும் ஆய்வுப் பயிற்சியும்

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் எம் இளைஞர், ஆய்வு நிலையமொன்றிற் சில மாதம் பயிற்சி பெறுதல் இந்நாளில் வழக்கமாகிவிட்டது. கண்டிச் சூழலில் வாழும் எமக்கு இதன்பொருட்டு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. 1821ஆம் ஆண்டிலே தோன்றிய பேராதனைப் பூந்தோட்டமும், கன்னொறுவைப் பயிராராய்ச்சி நிலையங்களும், ஹந்தானைச் சாரலில் அமைந்த அடிப்படை ஆய்வு நிறுவகமும் அண்மையிலேயே உள்ளன. மேலேறிச் சென்றால் தலவாக்கலையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. வகுப்பிற் கற்ற கல்வி இவ்விடங்களில் எவ்வாறு துணைபுரிகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

விரிவுரையிற் கேட்டவை பயிற்சிக்கு உதவவில்லை என மாணவர் சிலர் குறைகூறுவர். அஃது ஓரளவு உண்மையே. ஆயினும் செய்முறை வகுப்பைப் பற்றி அவ்வாறு கூறல் பொருந்தாது. இதற்குச் சான்று எம் வாயிலண்டையிலேயே உண்டு.

1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடிகளின் இலையிலே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோட்டங்கள் அழியலாயின. காரணத்தை ஆராயுமாறு 1880இற் பேராதனைக்கு அனுப்பப்பட்டவர் மார்ஷல் வார்ட் என்பவர். கேம்பிரிட்ஜிலே பட்டம்பெற்றுச் சிறிது காலமே கழிந்த, முப்பது வயதும் நிரம்பாத இளைஞர் அவர். கோப்பி பயிரிட்ட அனுபவம் அவருக்கு ஏது? அவர் கொணர்ந்தது நுணுக்குக்காட்டியும், மாணவப் பருவத்திற் பழகிய ஒழுங்குமேயாம். கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் மிதந்துவந்த பங்கசு வித்திகளைப் பிடித்தார். நோயற்ற இலையில் வித்திகளை இட்டு, அவை நீர்த்துளியில் முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதைப் படிப்படியாகக் கண்டு வரைந்தார். 1882இல் அவர் மீண்டபோது நோயின் காரணம் ஐயமற விளங்கிற்று. கோப்பியைக் காக்கும் மருந்து மட்டும் கிடைக்கவில்லை. தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது அம்மருந்தையே. கண்டதைக் கண்டவாறே அவர் எழுதிச் சென்றார். கோப்பி போய்த் தேயிலை வந்த வரலாற்றை மலைநாட்டார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

இனி, இன்றைய மாணவனைக் கருதுவோம். தராசைச் சரிபார்த்தல், ஒரே அளவை மும்முறை எடுத்தல், மருந்திட்ட செடிக்கருகே மருந்திடாத செடியையும் வளர்த்தல், நாளும் நேரமும் குறித்தல் என்பன சிறு செயல்களாகவே தோன்றும். ஆய்வு நிலையத்தார் முதல் வாரத்தில் நோக்குவன இவையே. வகுப்பிலோ விடை முன்னரே தெரிந்துவிடுகின்றது. ஆதலின், தன் அளவு பிழைத்ததென அஞ்சி, அயலான் ஏட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவோரும் உளர். புள்ளியை நாடிச் செய்யும் இப்பழக்கம் பயிற்சிக் களத்திற் பெருந்தீங்கு விளைக்கும். அங்கே பார்த்தெழுத அயலான் ஏடு இல்லை. விடையை அறிந்தவரும் இல்லை. மழை ஒரு பாத்தியைக் கரைத்துவிட்டால், அதையும் எழுதியே தீரவேண்டும்.

பாடத்திட்டம் நிரப்பாத குறையொன்றும் உண்டு. தமிழிற் பயின்று செல்லும் எம் மாணவர் பேராதனையில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்கின்றனர். பயிற்சிக் களத்திலோ சிங்களமும் தமிழும் பேசும் உழவரோடும் தொழிலாளரோடும் பழகுகின்றனர். மூன்று மொழியிலும் ஓர் இலையின் நோயை விளக்க வல்லவர் சிலரே. பல்கலைக்கழகம் ஒன்றே இக்குறையைத் தீர்க்குமென நாம் எண்ணவில்லை. உயர்தர வகுப்பிலேயே, செய்த சோதனையை வாரம் ஒரு பக்கம் தமிழிலும் அதனையே ஆங்கிலத்திலும் எழுதப் பழக்கலாம். ஆய்வு நிலையங்களிற் பணிபுரியும் பழைய மாணவர் அவ்வேடுகளைத் தவணைக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தித் தரலாம். தொடங்குவதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு தராசும் போதும்.