பழைய வகுப்பறையில் புது வேலை

பழைய மாணவர் சந்திப்பு என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்ததும் பாதிப் பேர் சாக்குத் தேடுவார்கள். வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருப்பவர் இன்னும் வேகமாகத் தேடுவார். முதலில் கிளம்ப வேண்டியவரே அவர்தான்.

அதுவும் கோவை பீளமேட்டில் படித்தவர் என்றால் கட்டாயம் போக வேண்டும். 1924-ல் இங்கே சர்வஜன பள்ளி வந்தது, 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை. மில்லும் ஃபவுண்டரியும் பம்பு கம்பெனியும் பள்ளிக்கூடமும் அவிநாசி சாலையை ஒட்டிச் சேர்ந்தே வளர்ந்த ஊர். மில் ஃபிட்டர் மகனும் பட்டறை முதலாளி மகனும் ஒரே பெஞ்சில் இருந்திருப்பார்கள். இன்று ஒருவர் டைடல் பார்க்கில், ஒருவர் ஆவாரம்பாளையத்தில் சொந்த லேத்தோடு, ஒருவர் சிங்கப்பூரில்.

போனதும் எல்லோரும் செய்வது, பழைய செட்டோடு ஒதுங்கிவிடுவது. நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த வேலைச் சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் இதைக் கணக்கோடு எழுதினார். அவர் விசாரித்தவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் ஆள் வழியாகக் கிடைத்தது 16.7 சதவீதம், வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் வழியாக 27.8. ஆகவே, பெயரே சட்டென்று ஞாபகம் வராத ஆள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இரண்டாம் தடவை அப்படித்தான் உட்கார்ந்தேன். முழங்கால் பெஞ்சில் இடித்தது. "என்னடா பண்ற?" என்றான் பக்கத்தில் இருந்தவன். "சீனியர் மேனேஜர், ஆபரேஷன்ஸ்."

"அது சரி, காத்தால போய் என்னடா பண்ணுவ?"

"பம்பு கம்பெனிக்குக் காஸ்டிங் லேட்டாகாம வர வைக்கறதுடா."

"அட, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" அவனும் அதே பாடு படுகிறவன், சாப்பாட்டு மணி வரை பேச்சு ஓயவில்லை. பதவிப் பெயரை வீட்டிலேயே வைத்துவிட்டு, செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.

ரெஸ்யூமை நீட்டாதீர்கள். சம்பளப் பேச்சும் வேண்டாம். வேலை போயிருந்தால் போய்விட்டது என்றே சொல்லுங்கள். மறைத்தால் யாரும் உதவ முடியாது. "ஏதாச்சும் இருந்தா சொல்லு" என்ற வாக்கியத்தால் இதுவரை யாருக்கும் எதுவும் கிடைத்து நான் பார்த்ததில்லை. "உங்க கம்பெனில பர்ச்சேஸ் யாரு பாக்கறாங்க? பத்து நிமிஷம் பேச முடியுமா?" என்று கேட்டால் ஒரு பெயராவது கிடைக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் வந்திருந்தால் காலில் விழுந்து செல்ஃபி எடுத்ததோடு நகராதீர்கள். எந்த செட்டுப் பையன் எங்கே இருக்கிறான் என்ற கணக்கு அவரிடம் இருக்கும்.

குரூப்பில் போட்டோவுக்குக் கைகூப்பிவிட்டால் முடிந்தது என்று இருக்காதீர்கள். அடுத்த வாரமே தனியாகப் போன் போடுங்கள். பட்டறைக்காரர் என்றால் டீ நேரத்தில். மற்ற நேரத்தில் லேத் சத்தத்துக்கு நடுவே நீங்கள் பேசுவது அவர் காதில் விழாது.