நத்தார்க் குடிலும் நமது லயக்காம்பராவும்

"சாமி, இந்த வருஷம் கையில ஒண்ணும் இல்ல. எடுத்த முற்பணம் பழைய கடனுக்கே போயிருச்சு. புள்ளைகளுக்கு எதைக் காட்டி நத்தாருன்னு சொல்றது?"

உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றில் இல்லங்களைத் தரிசிக்கச் சென்றபோது ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அன்று நின்ற நிலையில் இரண்டொரு வார்த்தை சொல்லி ஆசீர் அளித்து வந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அன்பார்ந்த பெற்றோரே, நாம் கொண்டாடும் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். அவரது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பெயரும் நாளும்

டிசம்பர் 25ஆம் திகதி உரோமையில் 336ஆம் ஆண்டிலேயே கிறிஸ்து பிறப்பு விழாவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 'நத்தார்' என்ற சொல்லை நமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கீசர். பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அவர்கள் மொழியில் 'நத்தால்' ஆகி, நம் நாவில் 'நத்தார்' ஆயிற்று.

பின்னர் வந்த ஒல்லாந்தர் இந்நாட்டில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காக வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கரைப் போர்வீரர் பிடித்துச் சென்றனர். 1692இல் கண்டிக்கு வந்த புனித யோசவாஸ் அடிகளார் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அங்கேயே ஒரு குடிசையை ஆலயமாக்கி வழிபட்டார். ஆலயக் கதவு அடைபட்ட நாளில் திருநாளைக் காத்தவை வீடுகளும் குடிசைகளுமே என்பதை நாம் மறக்கலாகாது.

குடில்

1223ஆம் ஆண்டு. இத்தாலியில் கிரெச்சியோ என்னும் மலையூர். நத்தாருக்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன் புனித பிரான்சிஸ் அசிசியார் அவ்வூரவரான தம் நண்பர் யோவானை அழைத்தார். தீவனத் தொட்டியும் வைக்கோலும், ஒரு மாடும் ஒரு கழுதையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். பாலன் இயேசு எவ்வளவு வசதிக் குறைவில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காணவேண்டும் என்பதே அவர் ஆசை. அவ்விரவு மக்கள் தீப்பந்தங்களோடு மலையேறி வந்தனர். தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார்.

அங்கே விலையுயர்ந்த சுரூபங்கள் இல்லை, மின்குமிழ்கள் இல்லை. மலையில் கிடைத்தவற்றைக்கொண்டே அந்தக் குடில் அமைந்தது. 2019 டிசம்பர் முதலாம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே ஊருக்குச் சென்று, வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கத்தை விடவேண்டாம் என்று குடும்பங்களுக்கு மடல் வரைந்தார்.

நமது மலையிலும் மானாப்புல் உண்டு. ஓடைக்கரையில் பாசி உண்டு. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டை உண்டு. தகப்பன் கட்டையை நிறுத்த, பிள்ளைகள் பாசி பரப்ப, பாட்டி கதை சொல்ல, ஒரு மாலைப்பொழுதில் குடில் எழுந்துவிடும். அந்த மாலைப்பொழுதைக் கடையில் வாங்க முடியாது.

மரமும் விண்மீனும்

நத்தார் மரம் ஜெர்மானியர் நாட்டு வழக்கம். டிசம்பர் 24ஆம் திகதி அங்கு ஆதாம் ஏவாள் நினைவு நாள். அன்று நடித்த நாடகங்களில் அப்பிள் தொங்கிய மரம் சிங்காரவன மரமாக நின்றது. 1848இல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் பத்திரிகையில் வெளிவந்தபின் அது ஆங்கிலேயரிடையே பரவியது. உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் முதன்முதல் மரம் நாட்டப்பட்டது 1982இல்தான். ஆகவே மரம் அழகானது. ஆனால் மரமில்லாவிட்டால் நத்தார் இல்லை என்பதில்லை. ஒரு சைப்பிரஸ் கிளையே போதும்.

மூங்கில் சிம்பும் மெல்லிய வர்ணத்தாளும் இருந்தால் விண்மீன் தயார். வெசாக் காலத்தில் கூடு கட்டும் சிங்கள அயலவரின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் வேலையும் நேர்த்தியாகும், உறவும் வளரும்.

பலகாரத் தட்டு

தீபாவளிக்கு இந்துச் சகோதரர் வீட்டுத் தட்டு நம் காம்பராவுக்கு வருகிறது. நத்தாருக்கு நம் தட்டு அங்கே போகிறது. தட்டில் பத்து முறுக்கு இருந்தாலும் இரண்டே இருந்தாலும் அது நற்செய்தியே. ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் புதுத்துணியும் சாராயமும் வந்தால், நடுச்சாமப் பூசைக்குத் தகப்பன் எழும்பமாட்டார். ஜனவரியில் தாயின் தோடு அடகுக்குப் போகும். இது நாம் அறியாததல்ல.

வறுமை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் போதிய கூலி கிடைக்கவேண்டும் என்பது 1891 முதல் திருத்தந்தையர் வலியுறுத்திவரும் படிப்பினை. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் அது கிடைக்கும்வரை பாலன் இயேசு வாசலில் காத்து நிற்பதில்லை. விடுதியில் இடமில்லாதவர் அவர். ஒற்றைக் காம்பராவின் நெருக்கம் அவருக்குப் புதிதல்ல.

இவ்வாரம் குடும்பமாகச் செய்ய:

1. குடிலுக்கான பொருட்களைப் பிள்ளைகளோடு சென்று சேகரியுங்கள்.
2. கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளையிடம், "என்ன கொண்டுவருவாய்?" என்று கேட்காமல், "எப்போது வருவாய்?" என்று கேளுங்கள்.
3. நத்தார் இரவில், குடும்பத்தில் இளையவர் பாலனைக் குடிலில் வைக்க, மூத்தவர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கட்டும்.

அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு இதுவே என் விடை. பிள்ளைகளுக்குக் காட்ட உங்களிடம் ஒரு குடில் இருக்கிறது. அதைச் சுற்றி அமர நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள்.